எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாம் மலிவு

5 ஜூன் 2006, திங்கள்

காலையிலிருந்தே அனல். உப்பளத்துப் பக்கம் திரும்பினால் கண் கூசுகிறது. குழாயில் தண்ணீர் இல்லை. ஜெனிக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகம் இன்னும் பாக்கி.

இவர் மத்தியானமே வந்துவிட்டார். சாப்பிடவில்லை. இரண்டு தடவை கேட்ட பிறகு, "கம்பெனி பாண்டிக்குப் போவுது மேரி" என்றார்.

உப்பு பாக்கெட் போடும் கம்பெனி. இவர் அங்கே பதினொரு வருஷமாக வேன் டிரைவர். பாண்டியில் வரி குறைச்சலாம், புதுசாகத் தொடங்கினால் சில வருஷத்துக்கு வரியே கிடையாதாம். அதனால் ஜூலையிலிருந்து எல்லாம் அங்கே. டிரைவர்கள் விடியற்காலை வண்டி எடுக்க வேண்டும், குடும்பத்தோடு அங்கேயே வந்துவிட வேண்டும். சம்பளம் ஐந்நூறு கூட. இருபதாம் தேதிக்குள் பெயர் கொடுக்காதவர்களுக்குக் கணக்குத் தீர்த்துவிடுவார்களாம்.

"போலாம்தானே?" என்றார். அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

6 ஜூன், செவ்வாய்

மிக்ஸி மறுபடி ரிப்பேர். அம்மியில் அரைத்தேன்.

எழுதிப் பார்த்தால் தெளிவு வரும் என்று எழுதுகிறேன். ம. என்றால் மரக்காணம், பா. என்றால் பாண்டி.

வீடு – ம. சொந்தம், வருஷம் ஒரு தடவை வீட்டு வரி, அவ்வளவுதான். பா. வாடகை. அட்வான்ஸ் வேறு.
கரண்ட் – பா. மலிவு.
பெட்ரோல் – பா. மலிவு. இங்கிருந்தே ஆட்கள் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.
அரிசி – ம. இந்த மாசத்திலிருந்து ரேஷனில் கிலோ இரண்டு ரூபாய். கார்டை ஒப்படைத்துவிட்டுப் போனால் அது போச்சு. பா. புதுக் கார்டு எப்போது வருமோ.
ஜெனி – இரண்டு பக்கமும் ஒரே பாடம். தோழிகளை விட்டு வரமாட்டேன் என்று அழுவாள். அழுது முடிப்பாள்.
மீன் – ம.
பிராந்தி –

இந்த வரியை முடிக்கவில்லை.

8 ஜூன், வியாழன்

வீடு பார்க்கப் பாண்டி போனேன். லூர்து அக்கா முத்தியால்பேட்டையில் இருக்கிறாள், அவள் தெருவிலேயே ஒரு வீடு. ஒரு ரூம், சின்ன கிச்சன், பாத்ரூம் பொது. ஆயிரத்தைந்நூறு. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. "தண்ணிக்குக் கவலையே இல்லம்மா" என்று குழாயைத் திறந்து காட்டினாள். எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன்.

பஸ்ஸில் போகும்போதே எண்ணினேன். கோட்டக்குப்பம் வரைக்கும் நம் தமிழ்நாடு. அதைத் தாண்டின உடனே கடைகள். அக்கா தெருமுனை வரைக்கும் ஒன்பது. சாராயக்கடை மூன்று, மற்றது எல்லாம் பிராந்திக் கடை. ஒன்று சரியாக பஸ் ஸ்டாப்பில்.

திரும்பும்போது அந்தக் கடைக்குப் போனேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. ஆம்பளைகள் விலகி வழிவிட்டார்கள், அதுதான் அதிக அவமானம்.

"குவார்ட்டர் என்ன விலைங்க?"

"எது வேணும்?"

"இருக்கறதிலேயே கம்மி."

சொன்னான். இங்கே விற்பதில் பாதிகூட இல்லை.

"யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா? ரெண்டா வாங்கிட்டுப் போ, பஸ்ல செக்கிங் எல்லாம் இன்னிக்கு இல்ல."

வந்துவிட்டேன். மரக்காணம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

9 ஜூன், வெள்ளி

இதை யாரிடம் சொல்ல, இங்கேதான் எழுத வேண்டும். போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் இவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது ஜெனி. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈரல் இதுக்கு மேல தாங்காதும்மா. இன்னொரு தடவை குடிச்சா இங்க கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை."

அன்றிலிருந்து தொடவில்லை. ஐந்தரை மாசம். இங்கே இருப்பது ஒரே கடை. அதில் விற்பவர் பிரம்மதேசத்துக்காரர், பழக்கமானவர். ஜனவரியில் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இவருக்கு மட்டும் தருவதில்லை. இவரும் அந்தப் பக்கம் போவதில்லை. விலையும் கட்டாது. இப்படி நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து நிற்கிற சுவர். இதை எப்படிப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பாண்டியில் நிறுத்துவது?

போகாவிட்டால் வேலை இல்லை. நாற்பத்து நாலு வயசு, அந்த உடம்பு. யார் வேலை தருவார்கள்?

11 ஜூன், ஞாயிறு

பூசைக்குப் போனோம் மூவரும். கோழிக்கறி. நன்றாகத்தான் இருந்தது பொழுது.

சாயங்காலம் பெயர் கொடுக்க ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேண்டும் என்று இவர் அரிசி டப்பா பின்னால் தேடியிருக்கிறார். இந்த நோட்டு கையில் கிடைத்துவிட்டது. நான் கிணற்றடியிலிருந்து வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். விரலை வைத்து, வரி வரியாக.

"பெட்ரோலு, அரிசி, மீனு. அதோட நானு."

"அப்படி இல்லீங்க."

"கடைக்குப் போயி விலை கேட்டியா நீ? நாலு பேர் முன்னாடி?"

"பயமா இருந்துச்சு."

"அஞ்சரை மாசமா உனுக்காகத்தானே மேரி…" நோட்டை மூடினார். "இன்னும் நான் உனுக்குக் குடிகாரன்தான், இல்ல?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். எங்கே போகிறாரோ என்று ஜெனியைப் பின்னாலேயே அனுப்பினேன். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளையை வேவு பார்க்க வைக்கிறேன். நான் என்ன ஜென்மம்.

13 ஜூன், செவ்வாய்

பேச்சில்லை. சாப்பாடு, தண்ணீர், சட்டை, அவ்வளவே.

ஜெனி: "அம்மா, போலாம்மா. அப்பாவைப் பாரு, எப்படி ஆயிட்டாரு."

பேனா மை கசிகிறது.

16 ஜூன், வெள்ளி

மணி பத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மேனேஜர் புது ஷெட்டைக் காட்டக் கூட்டிப்போனார், டிரைவர்கள் மூன்று பேரை. மூன்று மணிக்குத் திரும்ப வேண்டியவர்கள். மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். "சூசை அண்ணன் பஸ் ஸ்டாப்ல எறங்கிட்டாருக்கா, வேலை இருக்குன்னாரு." எந்த ஸ்டாப் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நாலு மணி பஸ் வந்தது. நாலே முக்கால் பஸ். ரோட்டோரம் நின்றே இருந்தேன். உள்ளே எதுவோ ஏற்கெனவே செத்துவிட்ட மாதிரி. யாருக்கு முதலில் போன் செய்வது, ஆட்டோவுக்கு யாரைக் கேட்பது என்றெல்லாம் யோசித்தேன். அழுகைகூட இல்லை.

ஐந்தரை பஸ்ஸில் இறங்கினார். நேராக நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"உள்ள போயிட்டேன் மேரி. காசு குடுத்தேன். ஊத்திட்டேன். கிளாஸை முன்னாடி வச்சிக்கினு உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் எழுந்து கோட்டக்குப்பம் வரைக்கும் நடந்தே வந்துட்டேன்."

"குடிக்கலையா?"

"குடிக்கல." என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்குக் குடிக்கல. தினம் தினம் அப்படி எழுந்து வர என்னால முடியாது. நீ எழுதினது சரிதான். நான் அங்க போனா செத்துடுவேன்."

நம்பினேன். தலையை என் மடியில் வைத்துக்கொண்டு தேம்பினார், ஜெனி பார்க்கிறாள் என்றுகூட வெட்கப்படாமல்.

19 ஜூன், திங்கள்

இரண்டு பேருமாக மேனேஜரிடம் போனோம். இவர் வேலை வேண்டாம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "உங்க இஷ்டம்பா. இந்த வேலைக்குப் பத்துப் பேர் நிக்கிறாங்க."

திரும்பும்போது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், பாக்கெட் போட லேடீஸ் எடுக்கறீங்களா?"

"எடுக்கறோம். ஆனா இவரு சம்பளத்துல பாதிதாம்மா வரும். அதுவும் பாண்டியில."

"நான் டெய்லி பஸ்ல வந்துடறேன் சார்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

வெளியே வந்து சொன்னார்: "நான் அளத்துல மூட்டை தூக்கறேன். கேட்டுட்டேன்." ஈரல் கெட்ட உடம்பு, இந்த வெயிலில் உப்பு மூட்டை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்தாலும் பழைய சம்பளம் வராது. பஸ் காசு வேறு.

லூர்து அக்காவுக்கு போன் செய்து வீடு வேண்டாம் என்றேன். "பைத்தியமாடி உனக்கு? இங்க எல்லாம் சீப்புடி" என்றாள்.

3 ஜூலை, திங்கள்

முதல் நாள் வேலை. ஏழு மணி பஸ். நின்றுகொண்டே பாக்கெட் ஒட்ட வேண்டும், விரல் இடுக்கெல்லாம் எரிச்சல். டீ பத்து நிமிஷம். கூட இருக்கும் பெண்கள் பரவாயில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். எல்லையில் ஆம்பளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள், பாதிப் பேர் இடுப்பில் பாட்டில். பிரேக் போட்டபோது ஒருவன் என் மேலேயே சாய்ந்தான், திறந்த பாட்டில். தோளிலிருந்து கொசுவம் வரை நனைந்தது. "சாரிக்கா, சாரிக்கா" என்றான். கண்டக்டர் சிரித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் தண்ணீர்ச் சொம்போடு எழுந்து வந்தார். பக்கத்தில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. சொம்பைக் கீழே வைத்தார். நான் விவரம் சொல்ல வாயெடுப்பதற்குள் என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

கிணற்றடிக்கு ஓடினேன். சோப்பு முழுசும் தேய்த்தேன், தலைக்கும் ஊற்றிக்கொண்டேன். ஜெனி இறைத்து இறைத்துக் கொடுத்தாள். ஈரத்தோடு வாசலுக்கு வந்தேன்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"புடவையைத் தொவைச்சிட்டியா?"

"தொவைச்சிட்டேங்க."

"நல்லா அலசினியா?"

"அலசிட்டேன்."

இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகுதான் ரோட்டைத் தாண்டி வந்தார்.