புதன்கிழமை ஐந்து மணி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன ஞாயிறு நான் போனில் கத்தியதிலிருந்து நீ எடுப்பதே இல்லை, அனுப்பிய மூன்று செய்தியும் படிக்காமல் கிடக்கிறது, அதனால்தான் விரைவுத் தபால். அம்மாவை உன்னிடம் பேசச் சொன்னேன். "நீங்க பண்ணின வேலைக்கு நீங்களே எழுதுங்க, சனிக்கிழமைக்குள்ள அவ கைக்குப் போகலன்னா நான் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கோபத்தில் பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவதற்குள் உனக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

பிரசவ லீவில் போன பெண்ணின் நாற்காலியில் நீ உட்கார்ந்து நாலு மாதம் ஆகிறது. இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, ஆனால் சூப்பர்வைசர் அம்மா உன்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நீதான் சொன்னாய். கேட்ட நாளிலிருந்து அது கைநழுவிப் போய்விடக் கூடாதே என்றுதான் எனக்கு நினைப்பு. அதே மூச்சில், புதன்கிழமை ஐந்து அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், நகர மண்டபத்தில் வாத்தியக் குழு ஒத்திகை நடக்கிறது, டிக்கெட் கிடையாது, கூட்டத்தில் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கிறது, பாதி வயலின்காரர்கள் தெரிவதில்லை என்றெல்லாம் சொல்லிச் சிரித்தாய். சனிக்கிழமை காசில்லாத மியூசியம், ஞாயிறு நூலகம் என்று வேறு அடுக்கினாய். மற்றவர்கள் ஆறரை வரை உட்கார்ந்திருக்கும்போது தற்காலிகமாக வந்தவள் முதல் ஆளாக எழுந்து போகலாமா என்று கேட்டேன். "அஞ்சு மணி வரைக்கும்தான்பா என்னை எடுத்திருக்காங்க, அதுக்கப்புறம் நான் என்னோட ஆளு" என்றாய். ஒத்திகை கேட்கவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம் என்று நான் கத்தியது தப்பு. அதைவிடப் பெரிய தப்பைச் செவ்வாய்க்கிழமை செய்தேன்.

அவசரத்துக்கு மட்டும் என்று எழுதி நீ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாயே, அந்த ஆபீஸ் எண்ணுக்கு நானே போன் செய்து சூப்பர்வைசர் அம்மாவிடம் பேசினேன். புதன்கிழமை அவள் சீக்கிரம் கிளம்புவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வாரம் ஒரு நாள் ஒரு சிகிச்சைக்குப் போகிறாள், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றேன். பாட்டுக் கேட்கப் போகிறாள் என்றால் விளையாட்டுத்தனம் என்பார்கள், ஆஸ்பத்திரி என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று என் மூளைக்குப் பட்டது. அந்த அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தி, "பெரிய வியாதியா சார்" என்று கேட்டார். சேச்சே, சின்ன விஷயம்தான் என்று நான் தடுமாறிய தடுமாற்றத்தில் அது இன்னும் பெரிய வியாதியாகிவிட்டது. "நாளைக்கு நிம்மதியா போயிட்டு வரட்டும், நான் எதுவும் கேக்கல. திங்கட்கிழமை டாக்டர் சர்டிபிகேட் மட்டும் கேக்கணும், நிரந்தரம்னா மேல கேப்பாங்க" என்றார். நல்ல மனுஷி, அதுதான் என்னை அறுக்கிறது. ஆக, திங்கட்கிழமை உன்னை நோயாளி என்று நினைத்துக்கொண்டு டாக்டர் சர்டிபிகேட் கேட்டுக் கூப்பிடுவார்கள். அப்போது நீ திருதிருவென்று விழிக்கக் கூடாது, என் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்யும் சொல்லக் கூடாது.

ஏன் செய்தேன் என்று இரண்டு நாளாக என்னையே குடைந்துகொண்டிருக்கிறேன். ஒன்பது வருஷம் நான் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன், உனக்கே தெரியும். மேனேஜர் கிளம்பாமல் நான் எழுந்ததில்லை. ஞாயிறுகூட வெளியே போக மாட்டேன், ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினால் நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று. உனக்கு ஆறு வயதில் ஒரு ஞாயிறு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய், கடற்கரைக்குப் போக. பஸ் ஏறினால் அரை மணி, மணலில் உட்கார யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அம்மாதான் கூட்டிப்போனாள். நான் ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆள் வந்தது, அதுவும் அலமாரிச் சாவியை நான் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று. இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னோடு ஒரே உத்தரவில் நிரந்தரமானவர் தினமும் ஐந்துக்கு எழுந்து போய்ப் பூங்காவில் செஸ் ஆடியவர். உத்தரவைப் படித்தபோது சந்தோஷத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இத்தனை வருஷம் கழித்து உன்மேல் காட்டியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு, வாய் ஒட்டாமல் ஓர் உறை வைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் அம்மாவுக்கு என் கைப்பட எழுதியது. பழைய புத்தி போகுமா, மேலே "பொருள்: என் மகளைப் பற்றி நான் சொன்ன பொய்" என்று தலைப்புப் போட்டிருக்கிறேன், தேதியும் கையெழுத்தும் இருக்கிறது. ஆறு காகிதம் வீணாகி ஏழாவதில்தான் நேராக வந்தது. கொடுப்பதா கிழிப்பதா என்பது உன் இஷ்டம். கேட்காமல் ஒரு தடவை போன் செய்ததே போதும், இனி அந்த எண்ணைத் தொட மாட்டேன், ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அந்தக் காகிதத்தை அம்மா பிடுங்கி எங்கேயோ வைத்துவிட்டாள். இதனால் அந்த வேலை கைவிட்டுப் போய்விட்டால், உன் புதன்கிழமையைக் குற்றம் சொல்லாதே, அப்பாவைச் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. இன்று தபாலில் போட்டபின் திங்கள் சாயந்திரம் வரை எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, ஒரு தடவை போனை எடுத்து இரண்டு திட்டுத் திட்டினாலும் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நீ எடுத்து வைக்கும் அடியெல்லாம் நல்லதாக அமையட்டும், அதற்கு நடுவில் நான் வந்து நிற்காமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த புதன் ஐந்துக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கிளம்பு. முன்னாலேயே போனால்தான் தூண் மறைக்காத இடம் கிடைக்கும்.

இப்படிக்கு
ஆபீஸ் சட்டையைக் கழற்றிவிட்ட
உன் அப்பா