அளவில் வராத இடம்

கந்தர்வக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் சுடர்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்பும் மனசும் தெளிவாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, தைலத்தை மாற்றி மாற்றித் தேய்க்கிறாள், டாக்டரிடம் வா என்றால் அடுத்த வாரம் என்கிறாள். முந்திரி இந்த வருஷம் பூவிலேயே கருகிவிட்டது. குளத்துக்குள் மாடு மேய்கிறது, அவ்வளவுதான் மழை. காற்று மட்டும் ஒரு வாரமாக ஓயாமல் அடிக்கிறது, இங்கேயே இப்படி என்றால் அங்கிட்டுக் கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் பேசாமல் ஏன் அப்பா நாலு பக்கம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வாயால் சொல்ல இரண்டு தடவை உன் நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன்னால் கட் பண்ணிவிட்டேன். எழுதினால்தான் முழுசாகச் சொல்வேன் என்று தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஸ்கேன் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்லிவிடுவேன்.

நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஒரு பழைய சரக்குக் கப்பலை அளந்தோம், கணக்குப் போட்டால் டன்னேஜ் நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிற்கிறது, எங்கள் சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம் என்றாய். பின்பக்கம் மேல்தளத்துக்குக் கீழே பெரிய இடம் ஒன்று வாய் திறந்து கிடக்கிறது, திறந்த இடம் என்பதால் அளவில் சேர்க்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார் என்றாய். பிறகு போகிற போக்கில், "ஆனா அந்த வாயைச் சுத்திப் புதுசா போல்ட் ஓட்டை இருக்குப்பா, கிரீசு கூட காயல, எதுக்குன்னு கேட்டா தார்ப்பாய் கட்டங்கிறாங்க" என்றாய். வியாழக்கிழமை நீதான் அளவுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னாய். உன் அம்மா பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். கப்பலை எடை போட்டுப் பார்ப்பார்களா என்று என்னிடம் கேட்டாள். இந்த டன் எடை இல்லை, மூடிய இடமெல்லாம் சேர்த்து எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு, வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் நம் மாட்டுக்கொட்டகையை விட்டுவிட்டுப் போனாரே அதுமாதிரி என்றேன். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் ஆள், படகு, சோதனை என்று கடல் பாதுகாப்பு விதி அத்தனையும் வந்து உட்கார்ந்துவிடும், அதனால் முதலாளிகள் கீழேயே நிற்கப் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அப்ப அளக்க வர்றப்ப கதவக் கழட்டி வச்சிட்டு, போனதும் மாட்டிக்கிட்டா?" என்றாள். பள்ளிக்கூடம் எட்டாவது தாண்டாதவள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

நான் அங்கே ஆறு வருஷம் துறைமுகத்தில் ஸ்டோரில் இருந்தேன் என்றுதான் உனக்குத் தெரியும். ஸ்டோர் மூன்று வருஷம்தான். மீதி மூன்று வருஷம் கப்பல் அளக்கிற ஒருவரிடம் டேப் பிடிக்கிற வேலை. அவர் ஒரு முனையில் நிற்பார், நான் மறுமுனையில் தகட்டோடு அழுத்திப் பிடிப்பேன், அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு கப்பலுக்குப் போனோம். அதிலும் பின்பக்கம் இதே மாதிரி வாய் திறந்த இடம். அதற்கு எதிரே கரையில் எதையோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், காற்றில் ஓரம் தூக்கியபோது பார்த்தேன். உள்ளே இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். எந்தத் தகடு எந்த இடத்துக்கு என்று குறித்து வைத்திருக்கிறார்கள். சார், இதை அளக்க வேண்டாமா என்று கேட்டேன். "தெறந்து கெடக்குற எடத்துக்கு அளவு கெடையாது நாகராசு, டேப்பைச் சுருட்டு" என்றார். சுருட்டினேன். கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றேழு வந்தது. தகட்டை மாட்டினால் அறுநூறை நெருங்கும் என்று எனக்கே தெரியும். நான் கூலிக்கு டேப் பிடிக்கிறவன், எனக்கென்ன என்று அறைக்குப் போய் மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டேன் சுடர். அந்தக் கப்பலில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அடுத்த வாரம் ஏஜெண்ட் கேட்டபோது என் அக்கா வீட்டுக்காரர், உன் கண்ணுசாமி மாமாவைச் சேர்த்துவிட்டதும் நான்தான். கட்டட வேலையில் வெயிலில் கருகிக்கொண்டிருந்தார், நிழலில் வேலை கிடைத்ததே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புறப்படுகிற அன்று வழியனுப்பப் போனேன். அந்த வாயில் தகடு ஏறியிருந்தது, பெயிண்ட் கூட அடித்துவிட்டார்கள். அந்த இடம் முழுக்கச் சிமெண்ட் மூட்டை. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் இறங்கி வந்து, "மாப்ள, மேல வரைக்கும் அடுக்கியிருக்காங்க, கரையில நிக்கும்போதே ஒரு பக்கமா ஒருக்களிக்குது" என்றார். பயந்து சொல்லவில்லை, ஏதோ ஒரு வேடிக்கை மாதிரி சொன்னார். அப்போது நான், எறங்கிருங்க மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார். வேலை போய்விடும், அவருக்கும் எனக்கும், என்று கணக்குப் போட்டேன். போய் வாங்க என்றுதான் சொன்னேன். மூன்றாம் நாள் காற்று கூடியது. சரிகிறோம் என்று ரேடியோவில் ஒரு தடவை வந்ததாம், அதோடு சரி. மேலே ஏற்றிய பாரம் ஒரு பக்கம் சாய்த்திருக்கும், போல்ட் போட்ட தகடு தண்ணீரைத் தாங்கியிருக்காது. ஒன்பது பேர். இரண்டு மிதவைச் சட்டை மட்டும் கரை ஒதுங்கியது. விசாரிக்க வந்த அதிகாரிக்கு அளவுத்தாளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாகத்தான் இருந்தது, காகிதத்தில் ஒரு தப்பும் இல்லை. ஊருக்கு வந்து புயல் என்று சொன்னேன். உடம்பே இல்லாமல் உன் அத்தைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தோம். இருபத்தெட்டு வருஷம் போய்விட்டது.

நேற்று இரண்டு பஸ் மாறிக் கீரனூர் போனேன். அமிர்தவல்லி அத்தை தையல் கடையில் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னதைச் சொன்னேன், பிறகு நான் செய்ததைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழவில்லை. "அந்த எடம் எம்புட்டுப் பெருசுடா, இந்தக் கடை அளவு இருக்குமா?" என்றாள். இதுமாதிரி ஆறு கடை இருக்கும்க்கா என்றேன். கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "அவருக்கு அது தெரியுமா?" என்றாள். தெரியாதுக்கா, நான் சொல்லல என்றேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையை உதறி மடித்து வைத்தாள். பிறகு மிஷினைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, "இனிமே இங்கிட்டு வராத. புள்ளைக்கு மட்டும் எழுதிரு" என்றாள். வந்துவிட்டேன். அவள் சொன்னது நியாயம், நீ அவளிடம் எனக்காகப் பேச வேண்டாம்.

இப்போது உன் விஷயம். கையெழுத்துப் போடாதே. நீ போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள், அது எனக்கும் தெரியும், அதனால் போடாமல் இருப்பது மட்டும் போதாது. நாளைக்கே அந்த இடத்துக்கு நீயே ஏறிப் போய் ஓட்டைகளைப் போட்டோ எடு. தகடுகள் எங்கேயாவது பக்கத்தில்தான் இருக்கும், எப்போதும் பக்கத்தில்தான் வைப்பார்கள், கப்பல் நிற்கிற யார்டின் பின்புறம் பார். தனியாகப் போகாதே, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. போட்டோவோடு துறைமுக அதிகாரிக்கும் கப்பல் பதிவான நாட்டு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடு, ஒரு காப்பி எனக்கு அனுப்பு. உன் சார் சிரித்துப் பேசுவார், பிறகு சிரிக்காமல் பேசுவார். பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே சொல். வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் வாழ்ந்த மாதிரி நீ வாழ வேண்டாம் தாயி.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. நம் குலசாமி உன் காலடியோடு நடந்து வரட்டும். உனக்கு ஒரு தீங்கும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகராசு

கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் அத்தை உன் அம்மாவுக்குப் போன் போட்டாள். என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு விஷயம் கேட்டாளாம். நீ அளந்த அந்தக் கப்பலில் எத்தனை பேர் போகிறார்கள், அவர்கள் பெயரென்ன என்று உன்னிடம் கேட்டு எழுதி வாங்கச் சொன்னாளாம்.