இரண்டாவது கோடு

செவ்வாய் நிலையம், நாள் 212. காலை 07:10
எழுதுவது மின்பொறியாளர் பொற்கொடி. காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இயந்திரம் சரி. டிரான்ஸ்பார்மர் உறுமல் குறைவு. போன மாதம் அதன் இரும்புத் தகடுகளின் இடது விளிம்பில் ஒரு வெல்டிங் கோடு போட்டு அதிர்வை அடக்கப் பார்த்தேன், பூமியில் அனுமதி வாங்கித்தான். பெரிதாக அடங்கவில்லை. இந்த வாரம் தானாகவே அடங்கியிருக்கிறது. ஏனென்று கேட்கத் தெம்பில்லை. என் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான்; பல மாதம் கழித்து இப்போதுதான் தூங்குகிறேன். இங்கே இருக்கும் இன்னொருவன் புவியியலாளன் ஜெபமணி. பள்ளம் பார்க்கப் போயிருக்கிறான்.

நாள் 213. மாலை 16:40
ஜெபமணி பள்ளத்தில் விழுந்துவிட்டான். இழுத்துக்கொண்டு வந்தேன். விலா எலும்பு முறிவு, நினைவில்லை. முகமூடியில் ஆக்சிஜன் ஓடுகிறது, இயந்திரம் முழு வேகத்தில். விண்வெளி உடைகளின் சிலிண்டர்களில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. கை வலிக்கிறது.

நாள் 214. காலை 09:05
டிரான்ஸ்பார்மரின் இரும்பு 140 டிகிரி. எண்பதைத் தாண்டவே கூடாது. வார்னிஷ் கருகும் வாடை. இது எரிந்தால் ஆக்சிஜன் கிடையாது. பூமிக்குச் சொன்னேன். அங்கே டிரான்ஸ்பார்மர் கணக்கைப் பார்ப்பவனின் பதில்:

"யக்கா, இசக்கிமுத்து பேசுதேன். கம்ப்யூட்டர் மாடலை மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன், எழுபத்தெட்டைத் தாண்ட மாட்டேங்கு. ஒங்க சென்சார்தான் கெட்டுருக்கும். மொதல்ல ஏதாவது சாப்பிடுங்க."

சென்சார் கெடவில்லை, தொட்டுப் பார்த்த என் விரலே கொப்பளித்துவிட்டது. இசக்கிமுத்து கெட்டிக்காரன், ஆனால் அவன் பார்ப்பது மாடலை. அறுநூறு தகட்டையும் தனித்தனியாக வரைந்தால் கணினி என்றைக்கும் முடிக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒரே கட்டியாக வரைந்து, மின்சாரம் தகட்டுக்குத் தகடு தாண்டாது என்று அதற்குச் சொல்லிவிடுவோம். நான் போட்ட ஒரு கோட்டையும் சேர்த்திருக்கிறான். ஒரு கோடு என்றால் மின்சாரம் போக வழி உண்டு, திரும்ப வழியில்லை. பெரிய கேடில்லை.

நாள் 214. காலை 11:30
பின்புறம் ஊர்ந்துபோய்ப் பார்த்தேன். வலது விளிம்பில் இன்னொரு கோடு, கோணல்மாணலாக. ஜெபமணிக்கு வெல்டிங் வராது. இந்த வாரம் தினமும் காலையில் நன்றாகத் தூங்கினேனா என்று கேட்டான். மரியாதைக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

இரண்டு கோடும் சேர்ந்து மின்சுற்று முழுமையாகிவிட்டது; இரும்பு சுடுவது அதனால்தான். அடப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் வந்தது. அப்புறம் அழுதேன்.

நாள் 214. பகல் 13:15
இரண்டாவது கோட்டைப் பற்றிப் பூமிக்குச் சொன்னேன். இசக்கிமுத்துவின் பதில்:

"யக்கா, அந்தக் கோட்டையும் போட்டு ஓட்டுனேன். நூத்தி நாப்பதுன்னு காட்டுது. நீங்க சொன்னதுதான் சரி, மன்னிச்சிருங்க. அதை அரைச்சு எடுத்துருங்க. ஆனா கரண்டை நிறுத்துனா ஆக்சிஜன் மெஷின் திரும்பச் சூடேற நாலு மணி நேரம் ஆவும். காத்தைச் சுத்தம் பண்ணுததும் அதுதான. கரியமில வாயு ஏறுனா தூக்கமா வரும். என்ன ஆனாலும் தூங்கிராதிய யக்கா."

நாள் 214. பகல் 13:40
மின்சாரத்தை நிறுத்தினேன். நிரம்பிய சிலிண்டர் ஜெபமணிக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பேட்டரியில் ஓடும் அரைப்புக் கருவியை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறேன். எவ்வளவு அமைதி.

நாள் 214. மாலை 16:20
கோடு போய்விட்டது. விளிம்பில் தகடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மின்சாரம் போட்டேன். பழைய உறுமல், முழுசாக. தலை பிளக்கிறது. இயந்திரம் இப்போதுதான் சூடாக ஆரம்பித்திருக்கிறது.

நாள் 214. மாலை 18:30
டிரான்ஸ்பார்மரின் இரும்பு எழுபத்தாறிலேயே நிற்கிறது. இசக்கிமுத்துவின் கணக்கு இரண்டு டிகிரி கூட. சொல்லவேண்டும் அவனிடம். ஜெபமணிக்கு மூச்சு சீராக இருக்கிறது. நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உட்காரக்கூடாது.

இதைப் படிப்பவருக்கு: அவன் கண் விழித்து அந்தக் கோடு எங்கே என்று கேட்டால், சத்தம் எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லுங்கள். வேறெதுவும் சொல்லவேண்டாம்.

நாள் 214.
உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடம்தான். சுவரே அதிர்கிறது. இந்தச் சத்தத்திலும் எனக்குத் தூக்கம்