மாமா வாயால் ஓட்டிய எஞ்சின்

என் அருமை சேகர் மாமாவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். கேட்காமல் ஆரம்பித்தால் அக்கா திட்டுவாள். அதனால் கேட்டுவிடுகிறேன், நலமா? இங்கே நானும் செல்வி அக்காவும் நலம். உன் எஞ்சின்தான் இந்த ஒரு வருஷமாக எங்கள் உயிரை வாங்கிவிட்டது. அந்தக் கதையை உன்னைத் தவிர வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

பென்னலூரில் பாதிப் பேருக்கு உன்னைத் தெரியும், மீதிப் பேருக்கு உன் காரைத் தெரியும். ஜப்பானில் பிறந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரகடத்தில் யாரோ ஆராய்ச்சிக்கு வரவழைத்து, பிரித்துப் பார்த்துவிட்டு, ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். அதை நீ குட்டியானை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்த நாளில் அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். கதவைத் திறந்தால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சாக்கு மூட்டை.

"இது ஒன் சீட்டுதான் செல்வி. இப்போதிக்கு எஞ்சின் குந்திகினு வருது" என்றாய். அக்கா உன்னை விட்டுவிட்டு அந்த மூட்டைக்கு ஆரத்தி சுற்றியது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அது ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. சமோசா மாதிரி மூன்று முனையுள்ள இரண்டு இரும்புத் துண்டுகள் உள்ளே சுற்றும், கார் ஓடும். இதைத்தான் நீ ஊர் முழுக்க விளக்கினாய். சத்தத்தை மட்டும் விளக்க முடியாமல் வாயாலேயே செய்து காட்டினாய். பல் தேய்க்கும்போது, கம்பெனி பஸ்ஸில், படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, 'டுப்புடு டுப்புடு டுர்ர்ர்' என்று உன் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது மாமா. இப்போது அந்த சீட்டில் வேறு யாரோ வாயை மூடிக்கொண்டு வருகிறார். அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஆயுத பூஜை முடிந்த அதே வாரம், ஷிஃப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னைக் கார் நிற்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். தாம்பரத்திலிருந்து ஒருவர் காரைக் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏழுமல, அவரு நெனவு நாளுக்குள்ள இது ஒரு தபா ஓடணும். அந்தச் சத்தத்த நான் கேக்கணும். ஓடலன்னா தாம்பரத்தான் கையில குடுத்துட்டு கொட்டாய காலி பண்ணிடு. தெனம் இத பாத்துகினு என்னால இருக்க முடியாது."

எனக்குத் தெரிந்த வேலை கார் கதவுக்கு ரப்பர் மாட்டுவது. கம்பெனி அசெம்ப்ளி லைனில் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கதவு உள்ள எதைக் கொடுத்தாலும் ரப்பர் மாட்டிவிடுவேன், எஞ்சினுக்குக் கதவு இல்லையே. துணைக்கு நம் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கிமுத்துவை இழுத்தேன். தென்காசிப் பக்கத்துக்காரன், அவனுக்குத் தெரிந்தது போல்ட் இறுக்குவது மட்டும். கார் செய்கிற கம்பெனியில் வேலை என்று சொந்தக்காரர்களிடம் நாங்கள் பீற்றிக்கொள்வோம். முழுக் கார் செய்யத் தெரிந்தவன் எங்கள் ஷிஃப்டில் ஒருத்தன் கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"பிஸ்டன் எங்க கீது?"

"இல்லண்ணே."

"வால்வு?"

"அதுவும் இல்லண்ணே."

"எவனோ உருவிகினு போய்ட்டாம்பா. மொதல்ல போய் போலீஸ்ல சொல்லு" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நல்லவேளை, உள்வேலையை நீயே முடித்து வைத்திருந்தாய், அல்லது அப்படித்தான் நாங்கள் நம்பினோம். சமோசா இரண்டையும் உள்ளே வைத்து, டிபன் கேரியர் மாதிரி தட்டு மேல் தட்டாக அடுக்கி, நீள போல்ட்டுகளை ஊடே விட்டு, ஒவ்வொரு போல்ட் தலைக்கும் குறுக்கே, பக்கத்துத் தட்டிலும் படும்படி மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருந்தாய். லைனில் நிற்பவர்களுக்கு அந்தக் கோடு சாமி மாதிரி. போல்ட்டை முழுசாக இறுக்கிய பிறகுதான் கோடு போட வேண்டும். கோடு விழுந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, அடுத்தவன் அதில் கை வைக்கக் கூடாது.

மிச்சத்தையெல்லாம் மாட்டி, காரில் ஏற்றுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மேலே ஊற்றினால் எல்லாத் தட்டுக்கும் நடுவிலிருந்து கீழே வந்தது. சாம்பார் ஒழுகுகிற கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறாயா? அப்படி.

"உள்ள ரப்பர் வளையம் போயிருக்கும்" என்றேன் நான். ரப்பர்காரன் வேறு என்ன சொல்வான்? வளையத்தை மாற்ற வேண்டுமென்றால் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்.

"கோடு போட்ட போல்ட்டுல நான் ஸ்பேனர் வைக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க. அதுவும் அண்ணன் போட்ட கோடு" என்றான் இசக்கி.

"அவரு கை பட்டது இதுல அது ஒண்ணுதான் மிச்சம். அழிச்சீங்கன்னா பாரு" என்றாள் அக்கா.

போல்ட்டைத் தொடாமல் ஒழுகலை நிறுத்த என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தோம். தண்ணீர்த் தொட்டி விரிசலுக்குப் பூசும் பசையைச் சுற்றிலும் அப்பினேன். எஞ்சின் மாவுக்கட்டு போட்ட கால் மாதிரி ஆனது. தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பக்கமாக வந்தது. இன்னொரு கோட் பூசினேன். தொட்டி கட்டியிருந்தால் இந்நேரம் மூன்று கட்டியிருக்கலாம் என்று அக்கா சொன்னாள். உன் நினைவு நாள் நெருங்கிவிட்டது. தாம்பரத்து ஆள் நேரிலேயே வந்து, கொட்டகை வாசலைக் காலடி வைத்து அளந்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வாரலீவு. இசக்கி மனசு விட்டுப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எக்கா, இறுக்கத்துல கொற இருக்காது. டைட் பண்ணாம கோடு போடுத ஆளா அவுக?"

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "டைட்டா? எங்க டைட் பண்ணாரு? ஆயுத பூஜ அன்னிக்கு நான் ஒவ்வொண்ணுக்கா சந்தனம் வெச்சிகினே வர்றேன், அவரு பின்னாலயே மஞ்சக் கோடு இழுத்துகினே வந்தாரு. எஞ்சினுக்குப் பொட்டு வெக்கறாருன்னு இல்ல நெனச்சேன்!"

இசக்கி எழுந்து போய் ஒரு போல்ட்டைப் பிடித்தான். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி விரலுக்கே திரும்பியது.

மாமா, இது நியாயமா? அளவாக இறுக்கியதும் 'டிக்' என்று சொல்லுமே, அந்த டார்க் ரெஞ்சை இரவல் வாங்க நீ படப்பைக்குப் போனதும், பூஜைக்குக் கடையை மூடியிருந்ததும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதனால் பூஜையில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும், லீவு முடிந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று கோட்டை மட்டும் போட்டாயா? யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? லைனில் இப்படிச் செய்திருந்தால் சூப்பர்வைசர் உன்னை உரித்து உப்புத் தடவியிருப்பார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. கடைசியில் அது அழுகையாகிவிட்டது. இசக்கி படப்பைக்கு ஓடி, அந்த டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி வந்தான். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த ரெஞ்ச குடு. கம்பெனில நாள் முழுக்க செல்போனுக்கு ஸ்க்ரூ போடறவ நானு. என் புருசன் வெச்ச பாக்கிய நான் முடிக்கறேன்."

இசக்கி வரிசை சொல்ல, அவள் இறுக்கினாள். ஒவ்வொரு 'டிக்'குக்கும் உனக்கு ஒரு திட்டு விழுந்தது.

"இது கொட்டாய புடுங்கிகினதுக்கு." டிக். "இது தீவாளிக்கு ஓவர்டைம் போனதுக்கு." டிக். "இது மாத்திர சாப்ட்டேன்னு பொய் சொன்னதுக்கு." டிக்.

போல்ட் திரும்பத் திரும்ப உன் கோடு இரண்டாக உடைந்து, பாதி போல்ட்டிலும் பாதி தட்டிலுமாக விலகியது.

உன் மார்க்கர் காய்ந்துபோயிருந்தது. அக்கா உள்ளே போய், நீ ஆசையாக வாங்கிக் கொடுத்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். கம்பெனியில் நகத்தில் சாயம் கூடாது என்பதால் அது திறக்காமலே கிடந்தது. ஒவ்வொரு போல்ட்டிலும் உன் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு வரவில்லை. என் பசையையெல்லாம் சுரண்டி எடுக்கத்தான் அடுத்த வாரலீவு முழுக்கப் போனது.

நேற்று காரில் ஏற்றி ஸ்டார்ட் பண்ணினோம். முதலில் புகைதான் வந்தது. அடுக்கும்போது நீ உள்ளே தாராளமாகத் தடவிய எண்ணெய் மொத்தமும் எரிந்து தெரு வெள்ளையாகிவிட்டது. "கொசு மருந்து அடிக்கறதுன்னா சொல்லிட்டு அடிக்க மாட்டீங்களா? துணி காயுதுல்ல!" என்று எதிர்வீட்டு அம்மா கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே எஞ்சின் பிடித்துக்கொண்டது மாமா. ஓடியது! இசக்கி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அக்கா முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது இல்லடா" என்றாள். "இன்னா இது, மாவு மிசினாட்டம்? அவரு சத்தம் இப்டி இல்ல."

"வேற எப்படிக்கா?"

சேலைத் தலைப்பால் வாயை ஒரு தரம் துடைத்துக்கொண்டு அவள் செய்து காட்டினாள். 'டுப்புடு டுப்புடு டுர்ர்ர்.' எனக்கு மயிர் கூச்செறிந்தது. அது நீயேதான் மாமா. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், படப்பையில், எல்லா இடத்திலும் நீ. அவள் அதை எப்போது படித்துக்கொண்டாள்?

இசக்கி திருப்புளியை எடுத்துக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்தான். "எக்கா, இன்னொரு மட்டம் பண்ணுங்க." அவள் செய்தாள். அவன் காற்றைக் குறைத்தான், கூட்டினான். "இன்னொரு மட்டம்." அவள் திரும்பவும் செய்தாள். எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாய்க்கு இறங்கி வந்தது. எது எஞ்சின், எது அக்கா என்று தெரியாத ஒரு இடம் வந்தது. அக்கா வாயை மூடினாள். சத்தம் நிற்கவில்லை.

தாம்பரத்துக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் நினைவு நாளன்று, படையல் முடிந்ததும் படப்பை வரை போய் வருவோம், அந்தச் சாக்கு மூட்டை இருந்த சீட்டில் அக்காவை உட்காரவைத்து. மெதுவாகத்தான் ஓட்டுவேன். இறுக்காமல் எதற்கும் கோடு போட மாட்டேன். உன் மஞ்சளை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்வேன், இது சத்தியம்.

உனக்குப் பெண் கொடுத்த வீட்டு மச்சான்,
ஏழுமலை