முப்பத்தோராம் கேள்விக்குத் திருத்தம்

மார்ச் 3

அத்தானுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். பதினேழு வருடம் ஆகிறது. அதற்குள் என் தலைமுடி பாதி போய்விட்டது. நீங்கள் இரண்டு பதவி உயர்வு வாங்கி, கடற்படையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டீர்கள்.

நீங்கள் அனுப்பிய கையெழுத்துப் பிரதி கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கடற்படைப் புத்தகம், நாற்பத்திரண்டு கேள்வி பதில்கள். "உனக்குத்தான் ஒழுங்காக எழுத வரும், எனக்கு அதட்டத்தான் வரும்" என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முப்பதாவது கேள்வி வரைக்கும் தாக்குப்பிடித்தது.

போர்க்கப்பலுக்கு ஏன் சாம்பல் நிறம் என்ற கேள்விக்கு, அது வீரத்தின் நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீரத்துக்கு நிறமெல்லாம் கிடையாது. கடலும் வானமும் சேருகிற இடத்தில், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கப்பல் சட்டென்று தெரியக் கூடாது, அவ்வளவுதான். கப்பல் தளத்துப் பெயிண்ட் கிடங்கில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், நம்பலாம். "மணிக்கு முப்பது நாட்" என்பது தவறு. நாட் என்றாலே மணிக்கு இத்தனை கடல் மைல் என்றுதான் பொருள். பழியைத் தட்டச்சு செய்தவர் மேல் போட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கடற்படையில் சேர முடியாது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கப்பலின் கணக்குப் பிரிவிலிருந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவாரே, சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், அவர் யார்? எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது என்று மாற்றியிருக்கிறேன். உண்மையான மாலுமிக்குக் கடல் மயக்கம் வராது என்பதையும் அடித்துவிட்டேன். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் படகுச் சவாரி போனபோது, அக்கா உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இனி முப்பத்தோராவது கேள்வி. கப்பலில் ஓட்டை விழுந்தால் உடனே மூழ்கிவிடுமா? உங்கள் பதிலை அப்படியே திருப்பி எழுதுகிறேன்.

"மூழ்காது. கப்பலின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் புகுந்த நீரை அடுத்த அறைக்கு விடாமல் தடுப்புச்சுவர்கள் காக்கும். ஒருமுறை, நான் முன்பு கேப்டனாக இருந்த கப்பல் மீது காலைப் பனிமூட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் மோதியது. முன்புறம் கிழிந்து இரண்டு அறைகளில் நீர் நிறைந்தது. ஆனாலும் அது தன் எஞ்சினிலேயே துறைமுகம் திரும்பியது. நூற்று அறுபத்திரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த மோதலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தடுப்புச்சுவர் சோதனையில் தேறாமல் கப்பலைக் கிளப்ப மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றதே அதற்குக் காரணம்."

யார் நின்றது, அத்தான்?

அந்தக் கப்பலில் புது ராடார் பொருத்தினார்கள். அதற்காகத் தடுப்புச்சுவரில் துளை போட்டு கேபிள் இழுத்தார்கள். துளைகளைச் சரியாக அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அறையை மூடிக் காற்றை அடைத்தேன். பத்து நிமிடம் அழுத்தமானியின் முள் அசையக் கூடாது, அது இறங்கியது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டுத் துளைகளின் மேல் பூசினேன், குமிழி வந்தது. தேறவில்லை என்று எழுதினேன். மறுநாள் அணிவகுப்பு. உங்கள் கப்பல் முதல் வரிசையில் போக வேண்டும். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள்: "ரெண்டு குமிழிக்காக ஒரு போர்க்கப்பல கட்டி வைப்பியா? என்ன, துணி துவைக்கிறியா?" அன்றிலிருந்து தளத்தில் எனக்கு சோப்புத் தண்ணி என்றுதான் பெயர். முள் அசையாமல் நிற்கும் வரை நான் விடவில்லை, கப்பல் நான்கு நாள் நின்றது. பிறகு நீங்கள் ஓர் அறிக்கை எழுதினீர்கள், நான் பெயிண்ட் கிடங்குக்குப் போனேன்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டுமென்று நானே கேட்டு வாங்கியதாக அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவள் வீட்டில் என்னால் சண்டை வரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருட மௌனம். அது புத்தகமாக அச்சாகி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவதற்காக அல்ல.

திருத்திய பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. கடிதத்தை ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்துக்கே அனுப்புகிறேன். அக்கா கண்ணில் படாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றித்தான் கவலை, இவ்வளவு கோபம் இரத்த அழுத்தத்துக்கு ஆகாது. உன் கடிதத்தைச் சங்கத்து வாசகசாலையில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவர், என்ன சார் இப்படி வேர்க்கிறது என்று விசாரித்தார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். குழாய் ரிப்பேர்காரரை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டாள், ஒழுகல் நிற்கவில்லையாம். உங்கள் குடும்பத்து இரத்தம்.

திருத்தங்கள் எல்லாம் சரி. கடல் மயக்கத்தில் மட்டும் கொஞ்சம் கருணை காட்டியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் படிக்கப்போகிற புத்தகம்.

முப்பத்தொன்றைப் பற்றி. நீ கடற்படையில் இருந்ததில்லை, அதனால் உனக்குப் புரியாது. கப்பலில் எது நடந்தாலும் பொறுப்பு கேப்டனுடையது. மூழ்கியிருந்தால் என் பெயரையும் இழுத்து விசாரித்திருப்பார்கள். மிதந்தால் மட்டும் என் பெயர் வரக் கூடாதா? இது எங்கள் வழக்கம், திருட்டு அல்ல. அந்த அறிக்கையையும் என் அலுவலகத்தில்தான் தயாரித்தார்கள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். வாசகங்கள்கூட நினைவில்லை. நீ கிடங்குக்குப் போனது அதனால்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

புத்தகம் முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தை அனுப்பிவிடு. பழைய கதையை உன் அக்காவிடம் கிளற வேண்டாம். இனிமேலும் சங்க முகவரிக்கே எழுது.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 18

அத்தானுக்கு,

வாசகங்கள் நினைவில்லை என்கிறீர்கள். என்னிடம் நகல் இருக்கிறது. "என் மைத்துனரான ஆய்வாளர்" என்று நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். உறவை விட்டுவிட்டு, "அற்பக் காரணத்துக்காகப் போர்க்கப்பல் ஒன்றை நான்கு நாள் முடக்கிய இந்த ஆய்வாளரின் பிடிவாதம், இவர் சோதனைப் பணிக்குத் தகுதியற்றவர் என்பதைக் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து மட்டும் போட்டவர், ஓரத்தில் சொந்தப் பேனாவில் ஒரு வரி சேர்த்தது ஏன்? "இவரை மீண்டும் கப்பல்களின் பக்கம் விட வேண்டாம்." கையெழுத்து எனக்குத் தெரியும். அக்காவுக்கு நீங்கள் எழுதிய கடிதங்களைச் சின்ன வயதில் திருட்டுத்தனமாகப் படித்தவன்தானே நான்.

இரண்டு இடத்திலும் பிடிவாதம் ஒன்றேதான். கெட்ட பெயர் வாங்கித் தந்தபோது அது என்னுடையது. நூற்று அறுபத்திரண்டு பேரைக் காப்பாற்றிய பிறகு அது உங்களுடையது.

மோதிய அன்று நடந்ததையும் கேளுங்கள். மூக்கு கடலுக்குள் அழுந்த, கப்பல் மெல்ல ஊர்ந்து வந்தது. தளமே துறைக்கு ஓடியது, நானும் கிடங்கைப் பூட்டிவிட்டு ஓடினேன். மாலுமிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எண்ணினேன். எண்ணிக்கை சரியாக வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பக்கத்தில் நின்றவர், "புது கேப்டன் ராசிக்காரரு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து, அதே கப்பலைச் செப்பனிட முப்பத்தாறு டின் சாம்பல் பெயிண்டை எடுத்துக் கொடுத்தேன்.

எனக்குப் பணமோ பதவியோ வேண்டாம். அந்தப் பதிலில் உள்ள பொய் போக வேண்டும், கோப்பில் உள்ள வரி போக வேண்டும்.

சங்கத்து வாசகசாலையில் உங்களுக்கு வேர்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே, இதை வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் வீட்டுத் தபாலை முதலில் பிரிப்பது யார் என்று எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
சோப்புத் தண்ணி


மார்ச் 27

மச்சானுக்கு,

நீ எதிர்பார்த்தபடியே நடந்தது.

நான் நடைப்பயிற்சி முடித்து வரும்போது உன் கடிதம் சாப்பாட்டு மேசையில் பிரிந்து கிடந்தது. என் மேசை இழுப்பறையில் இருந்த முதல் கடிதமும் பக்கத்தில் இருந்தது. உன் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். முப்பத்தொன்றை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள், படித்தேன். "இந்தக் கதைய எத்தன வீட்டு விருந்துல சொல்லியிருக்கீங்க. ஒரு தடவகூட என் தம்பி அதுல வரலியே" என்றாள். அதோடு எழுந்து போய்விட்டாள். ஒரு வாரமாகச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை. குழாய்க்காரரிடம் மட்டும் சிரித்துப் பேசுகிறாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோதல் நடந்தபோது அந்தக் கப்பலில் எஞ்சின் அதிகாரியாக இருந்தவரை நேற்றுத் தேடிப் போய்ப் பார்த்தேன். உன் சோதனை நடந்த சமயத்தில் அவர் வேறு கப்பலில் இருந்தவர், அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தச் சுவரைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் சொன்னது இது: "அந்தப் பக்கம் தண்ணி கூரை வரைக்கும் நிக்குது. இந்தப் பக்கம் ஒவ்வொரு கேபிள் துளையா கையால தடவிப் பாத்தேன். காஞ்சு கிடந்துச்சு. இத அடைச்சவன் கைய ஒரு தடவ பிடிச்சுப் பாக்கணும்னு அப்பவே தோணுச்சு." பிறகு, அந்தக் கப்பலைச் சோதித்தது யார் என்று என்னிடமே கேட்டார். பதினேழு வருடத்தில் முதல்முறையாகச் சரியான பதிலைச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வர அவசரப்பட்டதில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கப்பல் தளத்துத் தலைமை மேலாளருக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன். "நான் எழுதிய குறிப்பு தவறு. ஆய்வாளர் செய்தது சரி. குறிப்பை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." மூன்று வரி. எழுத இரண்டு நாள் ஆனது.

முப்பத்தொன்றை நீயே எழுது. கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன், உன் பெயரையும் வேலையையும் அப்படியே அச்சிடுவார்கள். ஏப்ரல் பத்து வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 5

அத்தானுக்கு,

தலைமை மேலாளர் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர். கோப்பைத் திருப்பி என் பக்கம் வைத்து, உங்கள் வரியின் மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். ஓரத்தில் இருந்த சொந்தப் பேனா வரியையும் விடவில்லை. சுருக்கொப்பம் போட்டுவிட்டு, "உலர்துறையில ஒரு கப்பல் நிக்குது. முழுக்கப் புது கேபிள். திங்கக்கிழமை வந்துடுறீங்களா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொல்ல நினைத்தேன். அதற்குள் வாய் சரி என்று சொல்லிவிட்டது.

கிடங்குச் சாவியை மேசையில் சத்தம் வரப் போட்டேன். தளத்தைக் கடந்து போகும்போது மேலே சாரத்தில் இருந்த ஒருவன், "சோப்புத் தண்ணி வருது, வேலைய ஒழுங்காப் பாருங்கடா" என்று கத்தினான். இந்தப் பெயர் இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வருகிறேன். நீங்களும் வீட்டில் இருந்தால் ஆட்சேபம் இல்லை.

முப்பத்தொன்றை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நான் கண்டேன், நான் மறுத்தேன், நான் நின்றேன் என்று வந்தது. உங்கள் பதிலில் ஆளை மட்டும் மாற்றியது போல இருந்தது. எஞ்சின் அதிகாரி பிடித்துப் பார்க்க நினைத்த கை என்னுடையது அல்ல, அத்தான். நான் பூசியது சோப்புத் தண்ணீர். துளைகளை அடைத்தது மூன்று பேர். நிமிர்ந்து உட்கார முடியாத சந்தில் நான்கு நாள் தவழ்ந்து, பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து, புதிதாகத் திணித்தார்கள். சோதனைப் படிவத்தில் ஆய்வாளருக்கு ஓர் இடம், கேப்டனுக்கு ஓர் இடம். அவர்களுக்கு இடமில்லை. பதினேழு வருடம் உங்கள் மேல் உள்ள வருத்தத்தை ஒரு நாளும் மறக்காதவன், அவர்களை ஒரு நாளும் நினைக்கவில்லை. இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை.

இருவர் இப்போது இல்லை. மூன்றாமவரான அம்மா தன் மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கப்பலா? முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. ஒவ்வொரு குமிழிக்கும் மறுபடி தோண்டு, மறுபடி தோண்டுன்னு உயிர எடுத்தீங்க. உங்கள எவ்வளவு திட்டியிருக்கோம் தெரியுமா?" என்றார். மோதல் நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டாராம். சொன்னேன். மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நூற்று அறுபத்திரண்டு பேரும் வந்தார்கள் என்றேன். எண்ணிப் பார்த்தீர்களா என்றார். நானே எண்ணினேன் என்றேன். அந்த அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அணிவகுப்பில் உங்களுக்குக் கிடைக்காமல் போன மரியாதையை எல்லாம் சேர்த்தாலும் அந்தச் சிரிப்புக்கு ஈடாகாது.

இதுதான் பதில், ஒரு சொல்லையும் மாற்றாமல் போடவும்.

"மூழ்காது, தடுப்புச்சுவர்கள் சரியாக இருந்தால். ஒரு கப்பலில் கேபிள் செல்லும் துளைகளை மூன்று தொழிலாளர்கள் நான்கு நாள் தவழ்ந்து அடைத்தார்கள். ஓர் ஆய்வாளர் பத்து நிமிடம் முள்ளைப் பார்த்தார். முள் இறங்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கப்பலின் முன்புறம் கிழிந்தபோது, நீர் அந்தச் சுவரோடு நின்றது. கப்பலில் இருந்த நூற்று அறுபத்திரண்டு பேரும் வீடு திரும்பினார்கள்."

இன்னொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறேன். புத்தகம் இனி நாற்பத்து மூன்று கேள்விகள். "கேப்டன் புறப்படச் சொன்ன பிறகு, ஒரு போர்க்கப்பலை யாராவது நிறுத்த முடியுமா?" பதில்: "முடியும்." அதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டாம்.

நீங்கள் விட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். போட்டால் இது என் கதையாகிவிடும். அப்புறம் நானும் வீட்டுக்கு வீடு விருந்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இந்தக் கடிதத்தின் அடியில் போட்டாலோ, நல்ல எண்ணத்தில் நீங்களே அதை வெட்டி எடுத்து அச்சகத்தில் கொடுத்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். உறையை ஒட்டி, கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.