பைய வா

பஸ்ரா,
6 ஏப்ரல் 1919

அன்புள்ள ஜெபகனி அக்காவுக்கு, உன் தம்பி அப்பாத்துரை எழுதுவது. கை கால் இருந்த இடத்தில் இருக்கின்றன. காய்ச்சலும் விட்டுவிட்டது. பாளையங்கோட்டையில் அம்மா, அப்பா, அத்தான், நீ எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

நான் ஆகாய விமானத்தில் ஏறிவிட்டேன். பொய்யில்லை. விமானக் கொட்டகையில் இஞ்சினுக்கு எண்ணெய் துடைக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். பின்னால் உட்காரும் மெக்கானிக் வயிற்றுக் கடுப்பில் படுத்துவிட்டான். அதனால் தபால் பையோடு பாக்தாத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டார், விமானம் ஓட்டும் வெள்ளைக்காரர். என் பெயரில் பாதிதான் அவர் வாயில் வரும். நான் அவரைத் துரை என்கிறேன், அவர் என்னைத் துரை என்கிறார்.

வழி காட்டுவது ஆறுதான். நம் ஆற்றங்கரையைப் பிடித்தே நடந்தால் பாபநாசம் போய்விடலாமே, அதே கதை. வாரம் இரண்டு தடவை போகிற வழி, தூங்கிக்கொண்டே ஓட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கீழே அடுப்புப் புகை தெரிந்தால், சாயும் பக்கம் பார்த்துக் காற்றைத் தெரிந்துகொள்வார். சமமான தரை வந்தால் திரும்பிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வார்.

பாதி வழியில் எதிரே சுவர்போலப் புழுதி எழுந்தது. ஆறு மறைந்துவிட்டது. உள்ளே புகுந்துவிடுவார் என்று பல்லைக் கடித்தேன். தாழப் பறந்து பார்த்தார், ஆறு தெரியவில்லை. உடனே திருப்பி, சற்று முன் பார்த்து வைத்த தரைக்கு வந்தார்.

இஞ்சின் சத்தம் அடங்கி இறங்கும்போது, அவர் தோளைத் தட்டி "பைய, பைய" என்று கத்திவிட்டேன். வெளிறிப்போய்த் திரும்பினார். 'பை பை' சொல்லிவிட்டுக் குதிக்கப் போகிறேன் என்று நினைத்தாராம். எங்கள் ஊரில் மெதுவாக என்று அர்த்தம் என்றேன். தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

பாதியில் திரும்பினால் உம்மை ஏசமாட்டார்களா என்று கேட்டேன். தபால் நாளைக்குப் போகும், புழுதிக்குள் போனால் என்றைக்கும் போகாது என்றார். மறுநாள் போய்ச் சேர்ந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் படிப்பை விட்ட அன்று அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு ஓடுதவன் என் வாசப்படி மிதிக்கப்படாது லே." மூன்று வருஷமாக மிதிக்கவில்லை. இங்கே ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடவா, கப்பல் ஏறவா?

அப்பாவிடம் முகம் பார்த்துக் கேள். சரி என்றால் 'வா' என்று எழுது. கோபம் தீரவில்லையென்றால் 'பைய வா' என்று எழுது. 'வராதே' என்று மட்டும் எழுதாதே.

அக்கா, முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவின் இருமல் இருக்கும். கடைசி மூன்றில் ஒரு வரி இல்லை. அப்படி ஏதாவது என்றால் அப்பாவைக் கேட்காதே. 'வா' என்றே எழுதிவிடு.

கையெழுத்துப் போடாமல் காத்திருக்கும் தம்பி,
அப்பாத்துரை