பீரங்கிக்குத் தங்கை இல்லை

பழவேற்காடு,
புரட்டாசி முதல் வாரம்.

செஞ்சிமலை அடிவாரத்தில் வாழும் மதிப்பிற்குரிய மச்சான் நாகப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்தம்மாளின் கணவன் ரங்கன் வணங்கி எழுதுவது. நான் இன்னும் கீழே விழவில்லை. நீங்களும் வீட்டாரும் பாறைமேல் உள்ள தேனடைகளும் குறைவில்லாமல் இருக்க, இவ்வூர்ச் சிவனையும் பெருமாளையும் தனித்தனியே வேண்டிக்கொண்டேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் கோட்டைக்குப் பாறை ஏறத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துணி வாங்க வந்த மக்பூல் சொன்னபோது, நான் வேறெதுவும் கேட்கவில்லை. கோட்டை என்றால் மலைமேல் இருக்கும். செஞ்சியில் பிறந்தவன் இதில் சந்தேகம் கேட்பானா? வந்து பார்த்தால் கோட்டை மணலில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, அதற்கு அப்பால் கடல், நடுவில் சேறு. மலை எங்கே என்று, கோட்டையில் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி தேசப்பனிடம் கேட்டேன். ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலும் மலை கிடையாதாம். இத்தனை கடல் தாண்டி வந்து, தங்கள் ஊரைப் போலவே தட்டையாகவும் ஈரமாகவும் உள்ள ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

ஏறும் பழக்கம் விட்டுப் போகாமலிருக்கக் கிணற்றில் இறங்கி ஏறலாம் என்று பார்த்தேன். இங்கே கிணறும் ஆழமில்லை. குனிந்தால் கைக்குத் தண்ணீர் எட்டுகிறது. பனை ஏறலாமே என்றார்கள். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அரிவாளும் இருக்கிறது. கப்பலின் பாய்மரத்தைக் காட்டினார்கள். பாறை என்பது நாம் ஏறும்போது அசையாமல் இருக்கும் மரியாதை தெரிந்தது. பாய்மரத்துக்கு அது தெரியாது.

வேலை இதுதான். மதில் செங்கற்களின் இடுக்கில் ஆலும் அரசும் முளைத்துக் கிடக்கின்றன. கடலைப் பார்த்து அத்தனை பீரங்கிகளை நிறுத்திக் காக்கும் கோட்டையைக் காக்கையின் எச்சம் பிளந்துகொண்டிருக்கிறது. கீழே அகழிச் சேறு, ஏணி வைத்தால் புதைகிறது. மேலிருந்து கயிற்றில் இறங்கிக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்காவிட்டால் என்னை அனுப்பிவிட்டு வேறு ஆள் வைக்கப்போவதாகக் கோட்டைத் துரை சொல்லிவிட்டார்.

கயிற்றை யார் பிடிப்பது என்பதில்தான் நின்றுபோனது. துரை ஒரு சிப்பாயைப் பிடிக்கச் சொன்னார். நான் நம் வழக்கத்தை விளக்கினேன். தேனெடுக்கப் பாறையில் இறங்குபவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். மற்றவனுக்குக் கை வலித்தால் விட்டுவிடுவான். மச்சான் விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவள். துரை சிரித்தார். சிப்பாயிடம் கையெழுத்து வாங்கிவிடலாம், கயிற்றை விட்டால் அவனுக்குக் கசையடி என்றார். அடி அவனுக்கு, சாவு எனக்கு. இதை அவர்கள் ஒப்பந்தம் என்கிறார்கள். துரையின் மனைவிக்கு ஒரு தம்பி, இதே கோட்டையில் கிடங்கு பார்க்கிறார். "உங்கள் கயிறு என்றால் அவர் கையில் கொடுப்பீர்களா?" என்று துபாசி மூலம் கேட்டேன்.  அதன்பிறகு துரை சிப்பாய்ப் பேச்சை எடுக்கவே இல்லை.

வேறு வழியில்லாமல் போன செவ்வாயன்று கயிற்றை ஒரு பீரங்கியில் கட்டிவிட்டு இறங்கினேன். பாதி மதிலில், ஓர் அரசங்கன்றைப் பிடித்தபடி மேலே பார்த்தேன். பீரங்கியின் வாய் மட்டும் தெரிந்தது. கனமானது, நகராது, குடிக்காது, எல்லாம் சரி. ஆனால் பீரங்கிக்குத் தங்கை இல்லை. நான் விழுந்தால் அதற்கு ஒன்றுமில்லை. இந்த எண்ணம் வந்ததும் அதற்குக் கீழே ஓர் அடி இறங்க முடியவில்லை. கன்றை அதன் இடத்திலேயே விட்டு ஏறி வந்துவிட்டேன். இதுவரை எந்தப் பாறையிலும் நான் பாதியில் திரும்பியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். நான் தங்கியிருப்பது குப்பத்தில், கருவாடு போடும் கோவிந்தம்மாள் வீட்டின் பின்பக்கம். என் கஷ்டத்தைக் கேட்ட அவள், "இன்னாப்பா, ஒரு கயிறு புடிக்க செஞ்சிலேர்ந்து ஆளு வரணுமா? எம்புள்ள கடல்லேர்ந்து வலையவே இஸ்துகினு வரான், உன்ன இஸ்துக்க மாட்டானா?" என்றாள். மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்றேன். அவள் ஒரு கூடை மீனைப் புரட்டிப் போடும் நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எம்பொண்ணு குப்பம்மாவ கட்டிக்கோ. எம்புள்ள உனக்கு மச்சானா ஆய்டுவான்" என்றாள். எனக்கு முத்தம்மாள் இருக்கிறாள் என்றேன். "இருக்கட்டுமே. ஒருத்தி மலையில, ஒருத்தி தண்ணியில. சண்டை வர்றதுக்கு வழியே இல்ல" என்று முடித்துவிட்டாள்.

இந்த வாதத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. குப்பத்துப் பெரியவர்களிடமும் அவள் பேசிவிட்டாள். மகன் தாமோதரன் இப்போதே என்னை மாமா என்கிறான். அவன் கைப்பிடியைச் சோதித்துப் பார்த்தேன். உங்களுடையதைவிடக் குறைவு என்று சொல்லத்தான் ஆசை. எனக்குத் துணையாக நிற்பது குப்பம்மா ஒருத்திதான். "மீன் நாத்தத்துக்கு மூக்கப் பொத்திக்கினு சோறு துன்றவன் கூட எவ குடும்பம் நடத்துவா?" என்று அவள் தெருவெல்லாம் கேட்டு வருகிறாள். நான் விடாமல் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் மச்சான், நாற்றம் பழகி வருகிறது.

ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த முத்தம்மாளை, ஆவணி கழிந்தும் நீங்கள் அனுப்பவில்லை. மலை இல்லாத ஊருக்குத் தங்கையை அனுப்பமாட்டேன் என்று சொன்னீர்களாம். நியாயம்தான். மலை இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். வீடு ஒன்று பார்த்திருக்கிறேன், கோட்டைக்கு வடக்கே, மீன் நாற்றம் வராமல் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் தெருவில். மாலையில் ஏரியில் நாரைகள் இறங்கும். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிடிக்காவிட்டால் அவள் திட்டுவதையாவது கேட்கலாம்.

அதனால் மழைக்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். கயிறு கொண்டுவர வேண்டாம், இங்கே கப்பல் கயிறு இருக்கிறது. புறப்படும் முன் அவளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு வர மனமில்லை என்றால், நீங்கள் தனியாக வர வேண்டாம். அவளுக்கு வேண்டாதவனின் கயிற்றை நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நான் பாதி மதிலைத் தாண்டமாட்டேன்.

உங்கள் கைகளுக்குக் குறைவு வராமல் தெய்வம் காக்கட்டும். அவளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
இன்றுவரை உங்களுக்கு மட்டுமே மச்சானான
ரங்கன்.